குடியுரிமை மறுக்கப்பட்டவர் பாந்தியோனில்: மிசாக் மனுஷியானும் 'வெளிநாட்டவர்' நடத்திய எதிர்ப்புப் போரும்

2024 பிப்ரவரி 21 மாலை, பாரிஸில் மழை. மூவண்ணக் கொடி போர்த்திய இரண்டு சவப்பெட்டிகளைத் தோளில் சுமந்தபடி ராணுவ வீரர்கள் சூஃப்லோ தெருவின் மேட்டில் மெல்ல ஏறி, பாந்தியோன் வாசலை அடைந்தார்கள். ஒரு பெட்டியில் இருந்தவர் மிசாக் மனுஷியான். மற்றொன்றில் அவர் மனைவி மெலினே. சுமந்தவர்கள் பிரான்ஸின் 'வெளிநாட்டவர் படையணி'யைச் சேர்ந்தவர்கள். அந்தத் தேர்வு தற்செயலானது அல்ல. மனுஷியான் சாகும்வரை பிரெஞ்சுக் குடிமகன் ஆகவில்லை. இரண்டு முறை விண்ணப்பித்தும் குடியுரிமை கிடைக்கவில்லை.

குடியுரிமை தராத நாடு ஏன் தன் மிக உயர்ந்த கல்லறை மண்டபத்தில் அவரை வைத்தது? அவரைச் சுட்டவர்கள் 'பயங்கரவாதி' என்றார்கள், இப்போது பிரான்ஸ் 'வீரர்' என்கிறது. நடுவில் மாறியது என்ன? அதற்கு ஏன் சரியாக எண்பது ஆண்டுகள் ஆயின? செய்தியைப் படித்த பலருக்கும் இந்தக் கேள்விகள் எழுந்தன. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

1. பாந்தியோன். பாரிஸில் தேவாலயமாகக் கட்டத் தொடங்கி, பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமாக மாற்றப்பட்ட கட்டடம். வோல்தேர், ரூசோ, விக்டர் ஹியூகோ, மேரி க்யூரி போன்றோர் அங்கே இருக்கிறார்கள். இன்றைய நடைமுறையில் யாரை அங்கே வைப்பது என்று முடிவு செய்பவர் குடியரசுத் தலைவர். ஆகவே ஒவ்வொரு சேர்க்கையும் ஓர் அரசியல் அறிவிப்புதான்.

2. விஷி அரசு. 1940 ஜூனில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்ற பிறகு, மார்ஷல் பெத்தேன் தலைமையில் விஷி நகரிலிருந்து நடந்த, ஜெர்மனியோடு ஒத்துழைத்த அரசு. போலீஸ், நீதிமன்றம், அதிகாரிகள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களே. பின்னால் வரும் கைதுகளைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

3. எதிர்ப்பியக்கம். ஒரே அமைப்பு அல்ல. துண்டறிக்கை அச்சடித்தவர்கள், லண்டனுக்கு உளவு அனுப்பியவர்கள், தண்டவாளத்தைக் கழற்றியவர்கள் என்று தனித்தனிக் குழுக்கள் இருந்தன. கம்யூனிஸ்ட்கள் நடத்திய ஆயுதப் பிரிவின் பெயர் சுருக்கமாக எஃப்.டி.பி.; அதற்குள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான பிரிவு எஃப்.டி.பி.–எம்.ஓ.ஐ. பின்னொட்டாக நிற்கும் 'எம்.ஓ.ஐ.'க்குப் பொருள் 'குடிபெயர்ந்த உழைப்பாளர்'. 1920களிலேயே இத்தாலியர், போலந்துக்காரர், யூதர், ஆர்மீனியர் என்று மொழிவாரியாகத் தொழிலாளர்களைத் திரட்டக் கட்சி உருவாக்கிய அமைப்பு அது.

4. நாடற்றவர். அகதி வேறு, நாடற்றவர் வேறு. அகதிக்குத் திரும்ப முடியாத ஒரு நாடாவது இருக்கும். நாடற்றவரைத் தன் குடிமகன் என்று எந்த அரசும் ஏற்பதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் இவர்களுக்காக 'நான்சன் கடவுச்சீட்டு' வந்தது. 1922இல் ரஷ்ய அகதிகளுக்கு, 1924இல் ஆர்மீனியர்களுக்கு. பிரான்ஸில் அந்தக் காலத்து நான்சன் அலுவலகம் பார்த்த வேலையைத்தான் 1952 முதல் ஒஃப்ப்ரா என்ற, அகதிகளுக்கும் நாடற்றவர்களுக்குமான அரசு அலுவலகம் பார்க்கிறது. பாரிஸ் வாழ் ஈழத் தமிழர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

ஆதியமானிலிருந்து பாரிஸ் வரை

மனுஷியான் 1906இல் ஒட்டோமன் பேரரசின் ஆதியமான் ஊரில் பிறந்த ஆர்மீனியர். 1915 இனப்படுகொலையில் தந்தை கொல்லப்பட்டார். தாய் பசியிலும் நோயிலும் போனார். அண்ணன் கரபெத்தும் அவரும் ஒரு குர்து குடும்பத்தின் அடைக்கலத்தில் பிழைத்து, பிறகு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த லெபனானின் அநாதை இல்லத்துக்குப் போனார்கள். அங்கே கற்றது தச்சு வேலையும் பிரெஞ்சு மொழியும்.

1920களின் நடுவில் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை, பிறகு பாரிஸில் சித்ரோயென் கார் தொழிற்சாலையில் கடைசல் வேலை. 1927இல் அண்ணன் காசநோயில் இறந்தார். பொருளாதார மந்தம் வந்தபோது வேலையும் போனது. ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் மாடலாக நின்று காசு சம்பாதித்தார். சோர்போனில் பதிவு செய்யாத மாணவராகப் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டார். கவிதை எழுதினார். நண்பரோடு சேர்ந்து ஆர்மீனிய மொழியில் இரண்டு சிற்றிதழ்கள் நடத்தினார். பிரெஞ்சுக் கவிதைகளை ஆர்மீனியத்தில் பெயர்த்தார். சிற்றிதழ் நடத்திய யாருக்கும் அந்த வாழ்க்கை புரியும்: சந்தா வராது, அச்சகக் கடன் நிற்கும், அடுத்த இதழ் எப்படியாவது வந்துவிடும்.

1934இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் மெலினே அசதூரியானைச் சந்தித்தார். அவரும் இனப்படுகொலையில் அநாதையானவர். ஆர்மீனியாவுக்கு உதவி திரட்டும் குழுவில் இருவரும் வேலை செய்தார்கள். அதன் பத்திரிகைக்கு மனுஷியான் ஆசிரியர்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தது 1933இலும் 1940இலும். இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் கம்யூனிஸ்ட் என்று முதலில் சிறையில் அடைத்தார்கள். ராணுவத்தில் சேர்வதாகச் சொன்னதும் விட்டார்கள். ஒரே ஆண்டுக்குள் சந்தேகக் கைதி, தொண்டர்ப் படைவீரர், குடியுரிமை மனுதாரர். ஜெர்மானியர் வந்த பிறகு, 1941 ஜூன் 22 அன்று, சோவியத் யூனியன் தாக்கப்பட்ட அதே நாளில், மறுபடி கைது. ஜெர்மானியரின் கொம்பியேன் தடுப்பு முகாமில் சில வாரங்கள்.

நாடிழந்தவர்கள் ஏன் முந்திக்கொண்டார்கள்?

"அடுத்தவன் நாட்டுச் சண்டையில் இவர்களுக்கு என்ன வேலை?" என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது தவறான இடத்திலிருந்து கிளம்பும் கேள்வி என்பதே என் வாதம். இவர்களுக்கு அது 1940இல் தொடங்கிய போர் அல்ல. பாரிஸ் விழுந்தபோது இவர்கள் ஏற்கெனவே ஒரு முறையாவது தோற்று ஓடி வந்தவர்கள்.

(அ) அனுபவம். செலெஸ்தினோ அல்போன்சோ ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். ஜோசப் எப்ஸ்டைன் போலந்து யூதர். அரசியல் காரணங்களால் தாயகத்தைவிட்டு வெளியேறி, ஸ்பெயினில் பன்னாட்டுப் படையில் இருந்தவர். இத்தாலிய உறுப்பினர் பலர் முசோலினி ஆட்சியிலிருந்து தப்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வெடிகுண்டு கட்டுவதும் தலைமறைவாக வாழ்வதும் இவர்களில் பலருக்குப் பழக்கமான காரியம். 1944 ஆகஸ்ட் 24 இரவு பாரிஸுக்குள் முதலில் நுழைந்த நேசநாட்டுப் படைப் பிரிவின் வண்டிகளில் எழுதியிருந்த பெயர்கள் 'தெருவேல்', 'எப்ரோ', 'குவாதலஹாரா'. எல்லாம் ஸ்பெயின் போர்க்களங்கள். ஓட்டி வந்தவர்கள் நாடிழந்த குடியரசுவாதிகள்.

(ஆ) வேறு வழி இல்லை. 1940 ஜூலை 22 சட்டத்தின் கீழ் விஷி அரசு, அண்மையில் குடியுரிமை பெற்றவர்களின் கோப்புகளை மறு ஆய்வு செய்து சுமார் 15,000 பேரின் குடியுரிமையைப் பறித்தது. 1942 ஜூலை 16, 17 இரு நாட்களில் பாரிஸ் போலீஸ் சுமார் 13,000 யூதர்களை வளைத்தது. அதில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அப்பா அம்மாவைக் கொண்டுபோய்விட்டார்கள், வீட்டுக் கதவில் முத்திரை, பதினெட்டு வயதுப் பையன் தெருவில். இந்த நிலையில் இருந்தவர்களிடம் 'பொறுத்திருங்கள்' என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

(இ) கட்சிக் கட்டளை. இதை மறைக்கக் கூடாது. ஹிட்லர்–ஸ்டாலின் ஒப்பந்தம் நீடித்த வரை பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் போருக்கு அழைக்கவில்லை. 1941 ஜூனுக்குப் பிறகுதான் நிலை மாறியது. மனுஷியானும் ஆயுதப் பிரிவில் சேர்ந்தது 1943 தொடக்கத்தில். அதுவரை செய்தது தலைமறைவு அரசியல் வேலை.

ஆயுதத் தாக்குதல் சரிதானா என்பதில் எதிர்ப்பியக்கத்துக்குள்ளேயே பிளவு இருந்தது. 1941 அக்டோபரில் நாந்த் நகரில் ஒரு ஜெர்மானிய அதிகாரி கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க ஒரே நாளில் 48 பணயக் கைதிகளைச் சுட்டார்கள். மறுநாளே லண்டன் வானொலியில், அங்கிருந்து எதிர்ப்பை வழிநடத்திய பிரெஞ்சுத் தளபதி தெ கோல், இப்போதைக்கு ஜெர்மானியர்களைக் கொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கம்யூனிஸ்ட்கள் கேட்கவில்லை.

அறுபது பேரின் போர்

எஃப்.டி.பி.–எம்.ஓ.ஐ.யின் பாரிஸ் பிரிவு 1942 வசந்தத்தில் உருவானது. எந்தச் சமயத்திலும் ஆயுதமேந்தியவர்கள் அறுபதைச் சுற்றித்தான். ருமேனியர்–ஹங்கேரியர், யூதர், இத்தாலியர் என மூன்று அணிகள். நான்காவது, ரயிலைத் தடம்புரட்டுவதற்கென்றே. முதல் தலைவர் போரிஸ் ஹோல்பான். 1943 ஆகஸ்டில் மனுஷியான் ராணுவப் பொறுப்பை ஏற்றார். அவருக்கு மேலே, பாரிஸ் வட்டார எஃப்.டி.பி. முழுவதற்கும் தலைவர் எப்ஸ்டைன்.

ஒரு தாக்குதல் என்பது சினிமாவில் வருவதுபோல இருக்காது. துப்பாக்கிகள் குறைவு, எனவே சுடுபவர் அதை வீட்டில் வைத்திருப்பதில்லை. ஒல்கா பான்சிக் போன்ற பெண்கள் பையில் சுமந்து வந்து இடத்தில் கொடுப்பார்கள், முடிந்ததும் வாங்கிக்கொண்டு போவார்கள். தெருவில் சோதனை நடந்தால் மாட்டுவது சுட்டவர் அல்ல, துப்பாக்கி சுமந்தவர். தாமஸ் எலெக் என்ற ஹங்கேரிய யூத இளைஞர், தடிமனான ஒரு புத்தகத்தின் பக்கங்களைக் குடைந்து, உள்ளே குண்டை வைத்து, லத்தீன் வட்டாரத்தில் இருந்த ஜெர்மானியப் புத்தகக் கடை அலமாரியில் விட்டுவந்தார். புத்தகம் மார்க்ஸின் 'மூலதனம்'.

பெரிய தாக்குதல் 1943 செப்டம்பர் 28 அன்று நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் விஷி அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, பிரெஞ்சு இளைஞர்களை ஜெர்மானியத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் பாரிஸிலிருந்து மேற்பார்த்தவர் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி யூலியுஸ் ரிட்டர். பெத்ராக் தெருவில் வீட்டு வாசலில் காரில் ஏறும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட குழுவில் அல்போன்சோவும், இருபது வயதான மார்செல் ரேமானும், லியோ க்னெலர் என்ற ஜெர்மானியரும் இருந்தார்கள். ஜெர்மானிய அதிகாரியைக் கொன்ற குழுவில் ஒரு ஜெர்மானியர். 'பிரான்ஸ் எதிர் ஜெர்மனி' என்று பாடப் புத்தகத்தில் படிக்கும் போர் உண்மையில் இப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது.

காட்டிக்கொடுத்தது யார்?

கடைசிக் கடிதத்தில் மனுஷியான், தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தங்களைக் காட்டிக்கொடுத்தவனையும் தங்களை விற்றவர்களையும் தவிர எல்லோரையும் மன்னிப்பதாக எழுதினார். அந்த ஒரு வரி பல ஆண்டுகள் சண்டைக்கு விதையானது. கட்சித் தலைமையே இவர்களைப் பலிகொடுத்துவிட்டதாக 1985இல் ஓர் ஆவணப்படம் வழியாகக் குற்றச்சாட்டு எழுந்து, பிரான்ஸே இரண்டுபட்டது.

போலீஸ் ஆவணங்கள் காட்டும் கதை அவ்வளவு மர்மமானது அல்ல. பாரிஸ் போலீஸின் உளவுத் துறைக்குள் 'சிறப்புப் பிரிவு' என்று ஒன்று இருந்தது. அதன் ஆட்கள் யாரையும் உடனே பிடிப்பதில்லை. ஒருவரைப் பின்தொடர்வார்கள், அவர் சந்திப்பவரைப் பின்தொடர்வார்கள், பெயர் தெரியாதவருக்கு, முதலில் பார்த்த தெருவின், ரயில் நிலையத்தின் பெயரையே புனைபெயராக வைத்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். மாதக்கணக்கில். 1943இல் மட்டும் மூன்று முறை இப்படி வலை விரித்தார்கள். முந்தைய சுற்றில் விட்டுவைத்த நூலைப் பிடித்து அடுத்த சுற்று. அக்டோபரில் பிடிபட்ட ஜோசப் தவிதோவிச் என்ற அரசியல் பொறுப்பாளர் சித்திரவதையில் பேசினார். போலீஸிடம் ஏற்கெனவே இருந்த படம் அதோடு முழுமையானது. 1943 நவம்பர் 16 காலை, எவ்ரி–பெதி–பூர் நிலையத்தருகே, சேன் நதிக்கரையில் எப்ஸ்டைனைச் சந்திக்க மனுஷியான் போனபோது இருவரும் மாட்டினார்கள். மொத்தம் 68 பேர் கைது.

பிடித்ததும் அடித்ததும் பிரெஞ்சு போலீஸ். பிறகு ஜெர்மானியரிடம் ஒப்படைத்தார்கள்.

ஒரு சுவரொட்டியை வாசிப்பது

1944 பிப்ரவரியில் ஜெர்மானிய ராணுவ நீதிமன்றம் 23 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 22 ஆண்களைப் பிப்ரவரி 21 அன்று பாரிஸின் மேற்கே மோன் வலேரியன் கோட்டையில் சுட்டார்கள். பான்சிக்கை ஜெர்மனிக்குக் கொண்டுபோய், மே 10 அன்று, அவருடைய 32ஆவது பிறந்த நாளில், ஸ்டுட்கார்ட் சிறையில் தலையை வெட்டினார்கள்.

அதே சமயம் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட ஒரு சிவப்புச் சுவரொட்டி பிரான்ஸ் முழுக்க ஒட்டப்பட்டது. மேலே ஒரு கேள்வி: 'விடுதலை வீரர்களா?' கீழே பதில்: 'குற்றவாளிப் படை தரும் விடுதலை!' நடுவில் சவரம் செய்யாத பத்து முகங்கள், வட்டம் வட்டமாக. ஒவ்வொன்றின் கீழும் பெயர், இனம், தாக்குதல் எண்ணிக்கை. மனுஷியானுக்கு: 'ஆர்மீனியன், கும்பல் தலைவன், 56 தாக்குதல், 150 சாவு, 600 காயம்'.

யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று பார்த்தால் நோக்கம் தெரியும்:

1. பத்துப் பேரில் ஏழு பேருக்கு அடையாளம் 'யூதன்'. மற்ற மூவர் 'இத்தாலியக் கம்யூனிஸ்ட்', 'ஸ்பானியச் சிவப்பன்', 'ஆர்மீனியன்'.

2. தண்டிக்கப்பட்ட 23 பேரில் பிரெஞ்சுக்காரர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் குளோரெக்கும் ரோஜே ரூசெலும் சுவரொட்டியில் இல்லை. அந்தப் பெயர்களைப் போட்டால் வாதமே உடைந்துவிடும்.

3. ரொபேர் விட்சிட்ஸ் வட பிரான்ஸில் பிறந்தவர். சுவரொட்டியில் அவர் 'ஹங்கேரிய யூதன்'. வாயில் நுழையாத குடும்பப் பெயரே போதுமானதாக இருந்தது.

பிரெஞ்சு மக்களைப் பார்த்துச் சுவரொட்டி சொன்னது இதுதான்: உங்களில் யாரும் எங்களை எதிர்க்கவில்லை, எதிர்ப்பவர்கள் எல்லாம் வந்தேறிகள். விளைவு வேறு மாதிரி ஆனது. பத்துப் பேரின் பெயரையும் முகத்தையும் வரலாற்றில் பதித்தது அந்தச் சுவரொட்டிதான். அதில் இடம்பெறாத பதின்மூன்று பேரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பயங்கரவாதியா, படைவீரரா?

மெலினேவுக்கு எழுதிய கடிதத்தில், 'விடுதலைக்கான பிரெஞ்சுப் படையின் முறையான படைவீரனாகச் சாகிறேன்' என்கிறார் மனுஷியான். உணர்ச்சி வரியாகவே இதை மேற்கோள் காட்டுகிறார்கள். 'முறையான' என்ற சொல் ஒரு சட்ட வாதம் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

1907 ஹேக் விதிகளின்படி, ராணுவத்தில் இல்லாதவரும் படைவீரராகக் கருதப்பட நான்கு நிபந்தனைகள்: பொறுப்பான தலைமை, தூரத்திலிருந்தே தெரியும் அடையாளச் சின்னம், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்துதல், போர் விதிகளை மதித்தல். ஆக்கிரமிக்கப்பட்ட நகரத்தில் சின்னம் குத்திக்கொண்டு துப்பாக்கியைக் காட்டியபடி நடந்தால் பத்து நிமிடம் உயிரோடு இருக்க முடியாது. அந்த ஓட்டையில் நின்றுகொண்டுதான் ஜெர்மானியர் இவர்களைப் போர்க்கைதிகளாக நடத்த மறுத்தார்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கை, அந்த நிபந்தனைகளை வைத்துக்கொண்டே, ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் இயங்கும் ஒழுங்கமைந்த எதிர்ப்பியக்கங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது.

பிரெஞ்சுத் தரப்பிலும் ஒரு நகர்வு நடந்தது. மரண தண்டனைக்கு மூன்று வாரங்களுக்கு முன், 1944 பிப்ரவரி 1 அன்று, எல்லா ஆயுதக் குழுக்களையும் 'உள்நாட்டுப் பிரெஞ்சுப் படைகள்' என்ற ஒரே பெயரின் கீழ் இணைப்பதாக முடிவானது. சிறையில் இருந்தவருக்கு அது எட்டியிருக்குமோ இல்லையோ, அவர் எழுதிய சொல் அந்தத் திசையில்தான் நின்றது. அதே கடிதத்தில், ஜெர்மானிய மக்கள்மீது தனக்கு வெறுப்பு எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். போர் முடிந்ததும் மறுமணம் செய்துகொண்டு ஒரு குழந்தை பெற்றுக்கொள் என்று மெலினேவிடம் கேட்டார். மெலினே சோவியத் ஆர்மீனியாவில் சில காலம் வாழ்ந்து, பிரான்ஸுக்குத் திரும்பி, 1989இல் இறந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

ஏன் எண்பது ஆண்டுகள்?

போருக்குப் பிறகு பிரான்ஸுக்குத் தேவைப்பட்ட கதை, 'பிரெஞ்சு மக்கள் தாங்களே தங்களை விடுவித்துக்கொண்டார்கள்' என்பது. தெ கோல் ஆதரவாளர்களுக்கு அது வசதி. கம்யூனிஸ்ட் கட்சிக்கும் வசதி. தேசியக் கட்சி என்று காட்டிக்கொள்ளப் பிரெஞ்சுப் பெயர்களை முன்னால் வைத்தது. தப்பிய தோழர்கள் பலர் போலந்துக்கும் ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் போய்விட்டார்கள். பாரிஸில் பேச ஆளில்லை. 1955இல் இருபதாம் வட்டாரத்தில் ஒரு சிறு தெருவுக்கு மனுஷியான் குழுவின் பெயர் வைத்தார்கள். அதையொட்டி லூயி அரகோன் எழுதிய கவிதை பின்னர் பாட்டாகி, அரசு மறந்ததைப் பாட்டு நினைவில் வைத்திருந்தது.

காகித அளவில் தடை இன்னும் திட்டமானது. போரில் இறந்தவரின் இறப்புச் சான்றில் அரசு சேர்க்கும் குறிப்பு 'பிரான்ஸுக்காக இறந்தவர்'. மோன் வலேரியனில் சுடப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் 185 பேர் வெளிநாட்டவர். அவர்களில் 92 பேருக்கு அந்தக் குறிப்பு கிடைக்கவே இல்லை. விண்ணப்பிக்கக் குடும்பம் வேண்டும். குடும்பம் பெரும்பாலும் ஆஷ்விட்ஸில் முடிந்திருந்தது. சுவரொட்டியில் இருந்த ஷ்லாமா கிஷிவாச்சுக்குக்கூட 2023இல்தான் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூன் 18 அன்று, பாந்தியோன் முடிவை அறிவித்தபோதே, விடுபட்ட வெளிநாட்டவர்களுக்கும் அதைத் தருவதாக அதிபர் மக்ரோன் அறிவித்தார்.

விழாவைச் சுற்றி இன்னொரு முரண்பாடும் பேசப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் குடியேற்ற விதிகளைக் கடுமையாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அதன் பல பிரிவுகளை அரசமைப்பு மன்றம் ரத்து செய்திருந்தது. தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லூ பென் விழாவுக்கு வரலாமா என்ற சர்ச்சை வேறு; வராமல் இருப்பது நல்லது என்ற பொருளில் மக்ரோன் சொன்னார், அவர் வந்தார்.

பாந்தியோனுக்குள் மனுஷியானின் கல்லறையோடு ஒரு பெயர்ப் பட்டியலும் வைத்திருக்கிறார்கள். குழுவின் மற்ற 22 பேர், அவர்களோடு ஜோசப் எப்ஸ்டைன். நதிக்கரையில் மனுஷியானோடு கைதான எப்ஸ்டைன், மாதக்கணக்கில் அடிபட்டும் தன் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. அதனால்தான் மனைவியும் சிறு குழந்தையான மகனும் தப்பினார்கள். 1944 ஏப்ரல் 11 அன்று மோன் வலேரியனில் பொய்ப் பெயரிலேயே சுடப்பட்டார். பாந்தியோன் சுவரில் இருப்பது அவர் சொல்லாத பெயர்.